அத்தையோடு துப்பறிந்த கோடை

அத்தை எங்கள் திருநகர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவள் கையில் ஒரு துணிப்பெட்டியும் ஒரு மிக்சியும் இருந்தன. எங்கள் வீட்டில் ஏற்கெனவே மிக்சி இருந்தது. அம்மா அத்தையின் மிக்சியை வாங்கிப் பழைய சேலையில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டு, "கொஞ்ச நாளைக்குத்தானே மதினி" என்றாள். அத்தை துணிப்பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்தாள்.

அத்தை அப்பாவின் உடன்பிறந்த அக்கா. அவளும் மாமாவும் அவனியாபுரத்தில் இருந்தார்கள். மாமாவுக்கு அங்கே ஒரு வெல்டிங் பட்டறை. ஒருநாள் காலையில் கோயம்புத்தூர் போய் ஒரு மிஷின் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர் திரும்பி வரவில்லை. எனக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். நான் அப்போது ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். பெரியவர்கள் மாமாவைப் பற்றித் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருக்கும்போது நான் போய் நின்றால், எல்லோரும் சட்டென்று குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். எங்கள் தெருவில் தண்ணீர் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது.

அத்தைக்குப் பிள்ளைகள் கிடையாது. முன்பெல்லாம் நான் அவனியாபுரம் போனால் பட்டறை வாசலிலேயே என்னைத் தூக்கிக்கொள்வாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகோ நான் எதிரில் நிற்பதே அவள் கண்ணில் படவில்லை. ஜன்னலோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். தட்டில் வைத்த சோறு காய்ந்து பருக்கை பருக்கையாகிவிடும். சாயங்காலம் அப்பா ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "தேடிக்கிட்டுத்தேன் இருக்கோம்க்கா, கெடச்சிருவாரு" என்பார். "சரிப்பா" என்பாள் அத்தை. தினமும் இது நடந்தது.

அத்தையைப் பேசவைக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன்ஹால் ரோட்டிலிருந்து ஒரு டிவிடி பிளேயரும், கூடவே பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கிய டிவிடித் தட்டுகளும் வாங்கி வந்தார். ஒரே ஒரு சேனல் மட்டும் இருந்த காலத்தில் வந்த பழைய துப்பறியும் தொடர் அது. அத்தைக்குக் கல்யாணமான புதிதில் அவர்கள் தெருவில் டிவி இருந்த ஒரே வீடு அவளுடையதுதானாம். அந்தத் தொடர் வரும் அன்று தெருவே கூடத்தில் உட்கார்ந்திருக்குமாம். மாமா எல்லோருக்கும் காராசேவு வாங்கி வருவாராம்.

தொடக்க இசை கேட்டதும் அத்தை சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் நானும் அத்தையும் டிவி முன் உட்கார்ந்துவிடுவோம். பழைய டேப்பிலிருந்து எடுத்த படம். ஓரத்தில் கோடு கோடாக ஆடும். சில இடங்களில் அப்படியே உறைந்து நிற்கும். தட்டை எடுத்துப் பாவாடையில் துடைத்துப் போட்டால் ஓடும். அதில் வரும் துப்பறிவாளருக்கு எப்போதும் ஜலதோஷம். அவர் ஓட மாட்டார், யாரையும் அடிக்க மாட்டார். சந்தேகப்பட்டவர்கள் வீட்டுக்குப் போய் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொடுத்த காப்பியைப் பாதி குடித்துவிட்டு, சம்பந்தமில்லாத எதையாவது கேட்பார். கடைசியில் எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்து உண்மையைச் சொல்வார். எனக்கு அந்தக் கடைசிக் காட்சிதான் உயிர்.

ஆனால் அத்தை அதுவரை விடமாட்டாள். அத்தனை கதையும் அவளுக்கு அத்துப்படி. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே, "இந்தா வாரான் பாரு வெள்ளச் சட்டைக்காரன், இவன்தேன் செஞ்சது" என்று சொல்லிவிடுவாள்.

எனக்கு அழுகை வரும். "தெரிஞ்சே எதுக்கு அத்தை மறுபடி பாக்குறீங்க?"

"யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பாத்தாத்தேன் பாப்பா நல்லா இருக்கும். எவன் எவன் எந்த எடத்துல பொய் சொல்றான்னு அப்பத்தேன் தெரியும். மூஞ்சியப் பாரு, எம்புட்டு சாதுவா வச்சிருக்கான்."

கொஞ்சம் கொஞ்சமாக அவள் சாப்பிட ஆரம்பித்தாள். படம் பார்த்துக்கொண்டே அம்மாவுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தாள். ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தாள். நானும் மெல்ல மெல்லத் துப்பறிவாளராகிக்கொண்டிருந்தேன். பால்காரர் முதல் எதிர்வீட்டு டியூஷன் சார் வரை எல்லோரையும் சந்தேகித்தேன்.

ஒரு கதையில் ஒரு பெண் தன் கணவனைக் காணவில்லை என்று அழுதுகொண்டே வருவாள். அவன் வேறு ஊரில் உயிரோடு இருப்பதைத் துப்பறிவாளர் கண்டுபிடிப்பார். அன்று அத்தை எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கையிலிருந்த பூண்டு உரிக்காமல் அப்படியே இருந்தது. முடிந்ததும், "மறுபடி போடு" என்றாள். போட்டேன்.

மாமாவைக் கண்டுபிடிக்க வேண்டியது நான்தான் என்று எனக்கு அன்று உறுதியானது. அம்மாவிடம் போய், மாமா கிளம்பிப்போன அன்று என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்டேன். தலையில் நங்கென்று ஒரு குட்டு விழுந்தது. அப்பாவிடம், "போலீஸ்ல மாமா போட்டோ குடுத்தீங்களா?" என்று கேட்டேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு வண்டி கழுவப் போய்விட்டார். அதற்கு முந்தைய நாள்தான் அந்த வண்டியைக் கழுவியிருந்தார். சாட்சிகள் ஒத்துழைக்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அந்த லீவிலேயே அப்பாவின் சிநேகிதர் வீட்டில் ஒரு காதுகுத்து வந்தது. அம்மா அத்தையோடு இருந்துகொள்ள, நானும் அப்பாவும் மட்டும் பஸ்ஸில் கொட்டாம்பட்டிக்குப் போனோம். சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றோம். நல்ல வெயில். திருச்சிப் பக்கமிருந்து வந்த லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின. நான் தாகமாக இருக்கிறது என்றதும் அப்பா பக்கத்துப் பெட்டிக்கடைக்குக் கூட்டிப் போனார். கடையை ஒட்டித் தகரம் போட்ட ஒரு புதுப் பட்டறை. உள்ளே ஒருவர் முகத்துக்கு நேரே கறுப்புக் கண்ணாடித் தட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு இரும்புக் கேட்டில் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

முகம் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டி உட்காரும் அந்த விதம் மாமாவுடையது. இடது முழங்கையில் நான் முன்பே பார்த்திருந்த தீப்பட்ட தழும்பும் இருந்தது.

"மாமா!" என்று கத்தினேன்.

அவர் தட்டியை இறக்கினார். மாமாதான். மெலிந்திருந்தார், தாடி வைத்திருந்தார். என்னைப் பார்த்துக் கை பாதி எழுந்தது. பிறகு எனக்குப் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தார். கையை இறக்கிக்கொண்டு, தட்டியை முகத்துக்கு உயர்த்தி மறுபடி பற்றவைக்க ஆரம்பித்தார். பொறி பறந்தது. பட்டறைக்குள் ஒரு பெண் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை தத்தித் தத்திச் சுற்றி வந்தது. கேட் வாங்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். வாங்கிய சோடாவைக் குடிக்காமலே கிளம்பினோம். மாமா அந்தப் பக்கம் எங்கோ இருக்கிறார் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த இடத்தில் எதிர்பார்க்கவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். பஸ் மேலூரைத் தாண்டியது. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அது மாமா இல்ல. வேற ஆளு. வீட்டுல போய் எதையும் உளறாத."

எவன் எந்த இடத்தில் பொய் சொல்கிறான் என்று பார்க்க எனக்குத்தான் அத்தை சொல்லிக்கொடுத்திருந்தாளே. நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் வரை பொறுத்திருந்தேன். அப்பா ஆபீஸிலிருந்து வந்து உட்கார்ந்தார். அம்மா காப்பி கொண்டுவந்தாள். அத்தை டிவி முன் இருந்தாள். துப்பறிவாளர் எல்லோரையும் கூடத்தில் கூட்டும் இடம் வந்தது. ரிமோட்டை எடுத்து நிறுத்தினேன். எழுந்து டிவியை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"மாமாவ நான் கண்டுபிடிச்சுட்டேன். கொட்டாம்பட்டில பட்டறை வச்சிருக்காரு. தாடி வச்சிருக்காரு. ஆனா கையில அந்தத் தழும்பு இருக்கு. நான் கூப்பிட்டதும் திரும்பிப் பாத்தாரு."

அம்மா கையிலிருந்த தம்ளர் சாய்ந்து காப்பி தரையில் ஓடியது. அவள் அதைத் துடைக்கவில்லை. அப்பா எழுந்து, "ஏய்" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"அவள ஒண்ணும் சொல்லாத" என்றாள் அத்தை. குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் அப்பா நின்றுவிட்டார்.

அத்தை என்னைக் கிட்டே வரச் சொன்னாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கையில் பூண்டு வாசம் அடித்தது.

"அந்தப் புள்ள நடக்குதா?" என்று கேட்டாள்.

"நடக்குது அத்தை. நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு நடக்குது. கொலுசு போட்டிருக்கு."

"பொம்பளப் புள்ளையா?"

"ஆமா."

அத்தை தலையை ஆட்டினாள். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்பா சட்டைகூட மாற்றாமல் வெளியே போய்விட்டார். ஒரு சின்னப்பெண் தங்களை ஜெயித்துவிட்ட அவமானம் என்று நினைத்தேன்.

"போடு. மீதியப் பாப்போம்" என்றாள் அத்தை. போட்டேன். அன்றும் யார் செய்தது என்று அவள் சொல்லவில்லை. கடைசிவரை என் கையை விடவும் இல்லை.

விடிந்ததும் எல்லோரும் கொட்டாம்பட்டிக்குக் கிளம்புவார்கள் என்று நல்ல கவுனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் கிளம்பவில்லை. அதற்கு அடுத்த நாளும் கிளம்பவில்லை. ஒன்று மட்டும் மாறியது. சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது அப்பா எதுவும் சொல்வதில்லை. நான்தான் கண்டுபிடித்துவிட்டேனே, இனி எதற்குத் தேட வேண்டும் என்று விட்டுவிட்டார் போல என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடம் திறந்தது. அத்தை பக்கத்துத் தெரு பாலர் பள்ளியில் ஆயா வேலைக்குப் போக ஆரம்பித்தாள். எங்கள் வீட்டிலேயே கடைசிவரை இருந்தாள். மாமாவின் பேரை அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்போது எனக்கு அத்தைமேல்தான் கோபம். நான் பார்த்ததை அவள் நம்பவில்லை, அதனால்தான் போகவில்லை என்று பல நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். இன்னும் என்ன சாட்சி கொண்டுவந்தால் நம்புவாள் என்று யோசித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போவேன். மாமா, தாடி, தழும்பு, பட்டறை என்று அன்று கூடத்தில் எல்லாவற்றையும் சொன்ன நான், அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. அது எனக்கு உறைக்கவே இல்லை. அத்தை கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்ட பெருமையில், துப்பறிவாளரைப் போல மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன்.