பேட்டரி வண்டியும் இரண்டு குடம் கடல் தண்ணீரும்

சுனாமி வந்து போய் மூன்று வருடம் ஆகியிருக்கும். திருவொற்றியூரில் நடந்தது இது. அப்போது எனக்கு ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே. காசிமேட்டில் விடியற்காலையில் மீன் எடுத்து வந்து, திருவொற்றியூர்த் தெருக்களில் விற்றுக்கொண்டிருந்தேன். மீன் விற்கிறவள் என்றால் தெருவே அதிரக் கூவுவாள் என்று நினைப்பீர்கள். எனக்கு அது வரவே வராது. தெரிந்த வீட்டு வாசலில் போய் நின்று மெதுவாகக் கதவைத் தட்டுவேன், அவ்வளவுதான் என் வியாபாரம். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதனால் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விற்பதைவிட மீனைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் எங்களுக்குப் பெரிய பாடு. கூடையோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் இறக்கிவிடுவார். நாலைந்து பேர் சேர்ந்து மீன்பாடி வண்டி பிடிப்போம். பழைய ஸ்கூட்டர் இன்ஜினை மாட்டிய மூன்று சக்கர வண்டி அது. அது விடுகிற புகையில் முகமெல்லாம் கரியாகும். இன்ஜின் மாட்டியது செல்லாது என்று போலீஸ் பிடித்துக்கொண்டுபோனால், அன்றைய மீன் வெயிலில் கிடந்து நாறும்.

எங்கள் தெரு முனையில் ஒருவர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். வீட்டு வாசலுக்கு இரும்புக் கேட்டு, ஜன்னல் கம்பி செய்கிறவர். நாங்கள் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, பேட்டரியில் ஓடுகிற மூன்று சக்கர வண்டி ஒன்றைத் தானே செய்தார். புகை கிடையாது, சத்தம் கிடையாது. ராத்திரி கரண்டில் சொருகிவைத்தால் மறுநாள் காசிமேடு போய்த் திரும்பிவிடலாம். எங்கள் மகளிர் குழுவில் எட்டுப் பேர் வேண்டும் என்றோம். வங்கி அதிகாரி ஒருவர் வந்து வண்டி ஓடுவதைப் பார்க்க வேண்டும், அவருக்குத் திருப்தி என்றால் எட்டுப் பேருக்கும் வங்கிக் கடனில் வண்டி கிடைக்கும். பட்டறைக்காரருக்கும் அது பெரிய வேலை. அதற்கு முன் யாராவது ஒரு மாதம் ஓட்டிப் பார்க்க வேண்டுமே. மற்றவர்கள் எல்லாம் பேசிப் பேசி நழுவிவிட்டார்கள். பேசத் தெரியாத நான் மாட்டிக்கொண்டேன்.

நான் சைக்கிளே ஓட்டியது கிடையாது. "யக்கா, மூணு சக்கரம் கீது, வுழாது. குந்து மொதல்ல" என்று பட்டறைக்காரர் ஏற்றி உட்காரவைத்தார். முதல் நாளே யாரோ காயவைத்திருந்த கருவாட்டின்மேல் ஏற்றிவிட்டேன். நான்கு நாளில் கை பழகிவிட்டது. காசிமேட்டுத் துறைமுகத்தில் என்னைப் பார்த்தால் மற்ற பெண்களுக்கு ஒரே சிரிப்பு. எங்கள் குழுவிலேயே ஒருத்தி கேட்பாள்:

"இன்னாமே, வண்டியும் ஊமை, ஓட்றவளும் ஊமை. எவனாவது குறுக்க வந்தா இன்னா பண்ணுவே?"

தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். ஆனால் உள்ளுக்குள் சந்தோஷம்தான். மீன் எடுத்த ஈரம் காயும் முன்னே தெருவுக்கு வந்துவிடுவேன். ஒருத்தரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை அதிகாரி வருகிறார் என்றார்கள். வியாழக்கிழமை மத்தியானம் வியாபாரம் முடிந்ததும் வண்டியைக் கடற்கரைக்கு ஓட்டிப்போனேன். மீன் வண்டியைக் கடல் தண்ணீரில் கழுவுவது எங்கள் வழக்கம். குடிக்கிற தண்ணீருக்கே லாரிக்காகக் குடத்தோடு நிற்கிற ஊரில், வண்டி கழுவ யார் நல்ல தண்ணீர் தருவார்கள்? ஆனால் அந்த ஒரு மாதமும் நான் மேல் பலகையை மட்டும்தான் கழுவியிருந்தேன். அன்றைக்கு, பெரிய மனிதர் வருகிறாரே, நாற்றம் அடிக்கக் கூடாது என்று ஒரு நினைப்பு. மீன் தண்ணீர் சொட்டிச் சொட்டி சீட்டுக்கு அடியிலும் இறங்கியிருந்தது. சீட்டைத் தூக்கி, பேட்டரி இருந்த இடத்தில் இரண்டு குடம் கடல் தண்ணீரை நன்றாக ஊற்றித் தேய்த்தேன். துடைத்து, மஞ்சள் குங்குமமும் வைத்தேன்.

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். 'டப்' என்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் கருகின வாசனை. வண்டி அசையவில்லை.

காய்ந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போனேன். அவர் சாமான் வாங்கப் போயிருந்தார். எப்போதும் நிறுத்துகிற இடத்தில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் பட்டறை வாசலில் கூட்டம். எங்கள் குழுப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அதிகாரி ஒரு பைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். பட்டறைக்காரர் சிரித்த முகமாகச் சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. திரும்பவும் திருப்பினார். சீட்டைத் தூக்கிப் பார்த்தார். ஒயர்கள் போய்ச் சேருகிற சின்னப் பெட்டி கருகியிருந்தது.

அவர் முகம் சுருங்கிப்போனது. "முந்தாநேத்து ராத்திரி நான்தான் சார் ஒரு ஒயர மாத்தினேன். அதுலதான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன். என் தப்புதான்" என்றார்.

அவர் மனைவி உள்ளே இருந்து ஆரம்பித்தாள். "கேட்டு அடிச்சோமா, சோறு துன்னோமான்னு இருந்தா இந்தப் பேஜாரு வருமா? நாலு மாசமா இத்தயே கட்டிகினு அழுவுது!"

அவர் கருகின பெட்டியைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் சொன்னார், "ஓடுகிற வண்டியாக இருந்தால்தானே நான் மேலே எழுத முடியும்" என்று. பைலை மூடிவிட்டுத் தன் ஸ்கூட்டர் பக்கம் திரும்பினார்.

நான் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். கால் மணி நேரமாக அப்படித்தான் நின்றிருந்தேன். நாலு பேர் முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை. அதுவும் என் தப்பைச் சொல்ல. இவளால்தான் எட்டு வண்டியும் போயிற்று என்று எல்லாரும் சேர்ந்து திட்டுவார்களே. ஆனால் அந்த மனிதர் அந்தப் பெட்டியை விடாமல் திருப்பிக்கொண்டே இருந்தார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். "அவுரு தப்பு இல்ல சார். நான்தான் உள்ள தண்ணி ஊத்திக் கழுவுனேன். கடல் தண்ணி. ரெண்டு கொடம்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். ஆனால் நான் பயந்த மாதிரி யாரும் திட்டவில்லை. துறைமுகத்தில் என்னை ஊமை என்று கேலி செய்தவள்தான் முதலில் பேசினாள்.

"அட, இதுக்கா இம்மாம் நேரம் முழிச்சிகினு நின்னே? மீன் வண்டிய கழுவாம பின்ன? கலீஜா வச்சிகினு எந்த வூட்டாண்ட போயி நிக்கிறது? நானா இருந்தா நாலு கொடம் ஊத்தியிருப்பேன்!"

அதிகாரி ஸ்கூட்டர் பக்கத்திலிருந்து திரும்பி வந்தார். "எல்லோருமே தினம் இப்படித்தான் கழுவுவீர்களா?" என்று கேட்டார். எட்டுப் பேரும் ஒரே குரலில் ஆமாம் என்றோம். நானும்தான்.

பட்டறைக்காரர் அந்தப் பெட்டியைக் கீழே வைத்தார். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "நாலு மாசமா மீன் வண்டி செய்றேன். எத்த ஊத்திக் கழுவுவீங்கன்னு ஒரு வார்த்த கேக்கல பாரு, நானு!"

பதினைந்து நாள் அவகாசம் கேட்டார். அதிகாரி கொடுத்தார். பேட்டரியையும் அந்தப் பெட்டியையும் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து, பின்னால் உயரத்தில் தகரக் கூடு கட்டி வைத்தார். மணலிப் பக்கம் போய் லாரி டயரின் பழைய டியூப் வாங்கிவந்து, வெட்டி, கூட்டின் வாயைச் சுற்றி இறுக்கி ஒட்டினார். மீன் தண்ணீர் வடியக் கீழே தனியாக ஒரு குழாய். அதிகாரி மறுபடி வந்த அன்று, அவர் என் கையில் குடத்தைக் கொடுத்து, "ஊத்துக்கா" என்றார். ஊற்றினேன். பிறகு நானே ஏறி, தெருக் கடைசி வரை ஓட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வந்தேன்.

எட்டுப் பேரில் ஆறு பேருக்கு வண்டி கிடைத்தது. எல்லாம் சுகமாகவே போயிற்று என்று சொல்ல மாட்டேன். இரண்டு வருடத்தில் பேட்டரி சோர்ந்துபோனது, கரண்ட் போகிற நாளில் பாதி வழியில் இறங்கித் தள்ளியிருக்கிறோம். ஆனாலும் புகை தின்னாமல், யாரிடமும் கெஞ்சாமல் ஏழெட்டு வருடம் அந்த வண்டியில்தான் பிழைத்தேன். பட்டறைக்காரர் பிறகு இட்லிக் கடைக்கு, தண்ணீர் கேன் போடுகிறவர்களுக்கு என்று நிறைய வண்டி செய்தார். ஒவ்வொருவரிடமும் முதலில், நீங்கள் இதை எப்படிக் கழுவுவீர்கள் என்றுதான் கேட்பாராம்.

தண்ணீர் ஊற்றியது தெரியாமல் செய்தது, அதை நினைத்து இப்போது சிரித்துக்கொள்கிறேன். ஆனால் அவர் "என் தப்புதான்" என்று சொன்னபோது எல்லாம் தெரிந்தும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேனே, அந்தக் கால் மணி நேரத்தை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.