முட்டிக்குள் போட்ட ஜெல்லும் என் டைப்ரைட்டர் புத்தியும்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் நடப்பவள். வலது முட்டியில் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டதென்று போன வருடம் டாக்டர் மூட்டுக்குள் ஜெல் ஊசி போட்டார். "ரெண்டு நாளைக்கு ஜாஸ்தி நடக்காதீங்கம்மா" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

மறுநாள் பௌர்ணமி. வலி கம்மியாக இருந்தது. டைப்ரைட்டருக்கு எண்ணெய் விட்டதும் நாலு வரி அடித்துப் பார்ப்பேன். அப்போதுதான் எண்ணெய் எல்லா இடத்துக்கும் பரவும். முட்டிக்கும் அதே நியாயம்தானே!

"டாக்டர் வேணாம்னாருல்ல?" என்றார் கணவர்.

"எனக்குத் தெரியும், நீங்க சும்மா இருங்க" என்று வெறுங்காலோடு பதினாலு கிலோமீட்டருக்குக் கிளம்பிவிட்டேன்.

அடி அண்ணாமலையைத் தாண்டுவதற்குள் முட்டி பூசணிக்காயாக வீங்கிவிட்டது. காலை ஊன்ற முடியவில்லை. முன்பின் தெரியாதவர்கள் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள்.

என் டைப்ரைட்டர் நியாயத்தைக் கேட்டுக்கொண்டே டாக்டர் ஊசியால் முட்டியிலிருந்து நீரை எடுத்தார். "ஓட்டிப் பாக்கறதுக்கு இது மிஷின் எண்ணெய் இல்லம்மா. ஊசி போட்ட மூட்டுக்கு மொதல்ல ஓய்வு வேணும். நல்லவேளை, சீழ் பிடிக்கல" என்றார். மூன்று வாரம் படுத்துக் கிடந்தேன்.

இப்போதெல்லாம் டாக்டர் ஒன்றைச் செய்யாதே என்றால், ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறேன். ஆனால் கிரிவலத்தை விடவில்லை. முட்டி ஒத்துக்கொள்ளும்வரை நடை, மீதிக்கு ஆட்டோ.

"ஆட்டோல சுத்துனா புண்ணியம் கம்மி அண்ணி" என்றாள், போன பௌர்ணமிக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து என்னோடு நடக்க வந்த நாத்தனார்.

"இருக்கட்டும். என் பங்கையும் சேத்து நீயே நடந்து வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன்.