நான் கேட்டது அதே திருவிழாவில் வந்தது

மாசியில் தொடங்கிய உதிரப்போக்கு பங்குனி பிறந்தும் ஓயவில்லை. நான்கு நாள் நிற்கும். நின்றுவிட்டது என்று தலைக்கு ஊற்றினால் மறுபடி வரும். வெங்காயக் காட்டில் குனிந்தால் கண் இருட்டியது. இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டுச் செத்துப்போவேன் என்றே நினைத்தேன்.

மாமியார் சாமி குத்தம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து வருஷமாக நம் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறவள் நான். திருவிழாவில் தீட்டு வந்துவிடக் கூடாதென்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கித் தள்ளிப்போடுவேன். வளைகாப்பு, காதுகுத்துக்கும் அப்படித்தான். எந்த டாக்டரையும் கேட்டதில்லை.

காப்புக் கட்டும் நாளில் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். நான் கோயிலுக்குப் போனேன். உள்ளே போகாமல், சூலத்துக்கு எதிரே தெருவில் நின்று கேட்டேன்.

"ஆத்தா, நீயும் பொம்பளதான? குத்தம்னா நேரா சொல்லு. இல்லன்னா வழிய காட்டு. மாசத்துக்கு ஒருக்கா ஒழுங்கா வந்தா போதும் எனக்கு."

அங்கேயே மயங்கி விழுந்தேன். தாங்கிப் பிடித்தது வாசலில் பூ விற்கும் செல்வி அக்கா.

"சாமி குத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கும் இப்படித்தான் போச்சு, கர்ப்பப்பையில கட்டி. கெளம்பு, பெரம்பலூர் போவோம்."

காப்புக் கட்டிவிட்டால் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு. மாமியார் குறுக்கே நின்றார். வழி கேட்டது நான், காட்டியது அம்மன். ஊர் எல்லையைத் தாண்டினேன்.

கட்டியாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், கரு கலைந்திருக்கலாம், அபூர்வமாகப் புற்றுநோயும் இருக்கலாம், பார்க்காமல் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. ஸ்கேனில் கட்டி இல்லை. இரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு தெரிந்தது. கேட்காமல் விழுங்கிய மாத்திரைகளும் குழப்பியிருக்கலாம் என்று திட்டினார். மூன்று நாள் தங்கினேன், இரத்தம் ஏற்றினார்கள். தைராய்டு மாத்திரை சாப்பிட்டதில் ஆவணிக்குள் மாதவிலக்கு சீரானது.

இந்த வருஷம் பால்குடத்தன்று காலையில், நாள் தப்பாமல் வந்தது. மாத்திரை போட்டிருக்கலாமே என்று மாமியார் முகம் சுளித்தார்.

"நான் ஆத்தாகிட்ட கேட்டதே இதத்தான் அத்தை. குடுத்தத வேணாம்னு சொல்லவா?"

குடம் எடுக்கவில்லை. அதே தெருவில், அதே இடத்தில் நின்று கும்பிட்டேன். அழுகை வந்தது, வெட்கம் வரவில்லை.

தாய்மார்களே, ஆத்தாவிடம் சண்டை போட்டாவது கேளுங்கள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் எவர் குறுக்கே நின்றாலும் போங்கள். ஊர் தீட்டு என்று சொல்வதை நான் மாதாமாதம் அவள் தரும் பிரசாதமாக வாங்கிக்கொள்கிறேன்.