கடைசிப் பெண்ணைக் கரையேற்றிய பிறகு

ரங்கூனில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு சீனத் தச்சர் பட்டறை வைத்திருந்தார். தம் கடைசி மகளின் கல்யாணத்துக்கு அப்பாவை அழைத்து, தேநீர் கொடுத்து, பர்மிய மொழியில் ஒரு கதை சொன்னார். பழங்காலத்துச் சீனர் ஒருவர் பிள்ளைகளுக்கெல்லாம் மணம் முடித்ததும், கடமை தீர்ந்ததென்று மலைகளைப் பார்க்கப் போய்விட்டாராம். கடைசிக் கல்யாணம் முடிந்த பெற்றோரைப் பார்த்து, 'அவர் ஆசை போல உங்கள் ஆசையும் நிறைவேறியது' என்பது சீனர் வழக்கமாம்.

ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா மேலே வந்து அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுசனோட பெண்சாதி என்ன ஆனாளாம்?" என்று கேட்டாள்.

"அது கதையில வரல" என்றார் அப்பா.

அக்காமார் கல்யாணமாகி மௌல்மீனுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியிருந்தவள் நான். பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதமே, சிரியம் எண்ணெய் ஆலையில் வேலை செய்த ஒருவருக்கு என்னைப் பேசி முடித்தார் அப்பா. அவருக்கு என்னைப்போல் இருமடங்கு வயது. பரீட்சை முடியட்டும் என்று அம்மா கெஞ்சினாள். அதற்குள், தாம் சேர்ந்து காசிக்குப் போக இருந்த கூட்டாளிகள் கப்பலேறிவிடுவார்கள் என்றார் அப்பா. எனக்கு ஏன் இத்தனை அவசரக் கல்யாணம் என்பது அப்போதுதான் புரிந்தது.

தாலி ஏறிய வாரமே அப்பா கல்கத்தாக் கப்பலில் ஏறிவிட்டார். அம்மா துறைமுகக் கூலிகளுக்குச் சோறு பொங்கி விற்றுப் பிழைத்தாள். சிரியத்திலிருந்து ஆற்றைக் கடந்து அவளைப் பார்க்க வந்த ஒருநாள், தச்சர் முன்னால் நின்று கொட்டித் தீர்த்தேன். அவர் மடியில் பேரன் இருந்தான். கல்யாண வீட்டில் நாலு பேர் சிரிக்கச் சொன்ன பேச்சு அம்மா அது, இந்தப் பட்டறையை விட்டு நான் எங்கே போவேன் என்றார். என் கோபம் இரட்டிப்பாயிற்று. சொன்னவர் பேரனோடு உட்கார்ந்திருக்கிறார்; கேட்டவர் போய்விட்டார்.

மறுவருஷம் அப்பா தாடியோடு திரும்பி வந்தார். நான் போனபோது அம்மா அவருக்கு இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை ஏசவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"கடமை முடிஞ்சுதுன்னு போனீங்களே அப்பா, அம்மா யாரு கடமை?"

அவர் சோற்றில் குழி செய்தார். கொஞ்சம் மோர் ஊற்று என்றார். அம்மா ஊற்றினாள்.

எனக்கும் இலை போட்டிருந்தாள். நான் உட்காராமலே படகுத்துறைக்கு நடந்தேன்.