ஒரே பெயரில் இருவர்

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே தயங்குபவன் எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் வேலை பார்த்தேன். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு முதலாளி இடப்பள்ளியிலும் ஒரு கடை திறந்தார். இரண்டு இடத்துக் கம்ப்யூட்டருக்கும் நடுவே போகிற விலையும் சரக்கு விவரமும் வெளியார் கண்ணில் படாமல் பூட்டி அனுப்ப ஒரு மென்பொருள் போட்டார்கள். காலையில் கிடங்கைத் திறப்பவன் நான் என்பதால், அதில் யார் யார் நுழையலாம் என்று பெயர் சேர்க்கும் வேலையும் என்னிடம் வந்தது. ஆனால் சேர்க்க ஆளில்லை. "ஒரு கம்பெனிக்கு எதுக்குடா ரெண்டு சாவி?" என்று முதலாளி சொல்லிவிட்டார். ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு.

ஒரு பெயரில் ஒருவர்தான் உள்ளே இருக்க முடியும். இடப்பள்ளியில் பில் போடும் பெண் நுழைந்தால் நான் வெளியே விழுவேன். நான் நுழைந்தால் அவள். அதனால் போன் செய்து கேட்டுவிட்டு நுழைவது என்று வழக்கம் வைத்துக்கொண்டோம்.

"சேட்டா, கொஞ்சம் இறங்கித் தாங்க. இங்க ஆளு நிக்குது."

"இப்பத்தானே ஏறினேன்."

"ஏறி என்ன பண்றீங்க, மிளகை ஒண்ணொண்ணா எண்றீங்களா? போய் ஒரு சாயா குடிங்க."

போய்க் குடிப்பேன். அவளும் தமிழ்க் குடும்பம்தான்; பேச்சில் மலையாளம் கலக்கும். நேரில் பார்த்ததில்லை. அவள் குரலுக்குப் பின்னால் கேட்கும் பஸ் ஹாரனும், சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசும் விதமும் தெரியும். சில நாள் வேலை இல்லாமலே ஏறி உட்கார்ந்திருப்பேன், இறங்கச் சொல்லிக் கூப்பிடுவாள் என்று.

ஒருமுறை ஒரு விலை தப்பாகப் போய்விட்டது. போட்டது யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை; பெயர் ஒன்றுதானே. ஆளுக்கொரு பெயர் போடச் சொன்னார் முதலாளி. அவள் பெயரை நானே சேர்த்துவிட்டு, போன் செய்தேன்.

"பாஸ்வேர்டை நீங்களே போட்டுக்கங்க. என்கிட்ட சொல்லக்கூடாது."

"சொன்னா என்ன, திருடிட்டுப் போயிடுவீங்களா?"

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"கேறியாச்சு, உள்ள ஏறியாச்சு சேட்டா. இனி உங்களை இறக்கி விட வேண்டாம், அல்லே?"

சும்மாவாவது கூப்பிடுங்க என்று சொல்ல வாய்வரை வந்தது.

"வேண்டாம்," என்றேன்.

போனில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது, அதன் பின்னாலேயே இன்னொன்று. பிறகு அங்கே யாரோ பில் கேட்டார்கள்.

மறுநாள் காலை எங்கள் இரண்டு பெயர்களும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மதியம்வரை போன் செய்தது லாரிக்காரர் மட்டும்.