தாமரை ஏரிக்குப் போன படகு

போன வருஷம் பிச்சாட்டூர் அணைக்கரையில் பதினோரு படகுகள் கவிழ்ந்து கிடந்தன. ஏரியில் தண்ணீர் இருந்தது, மீனும் இருந்தது. ஆள்தான் இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் வந்து நிற்கும். நேற்றுவரை வலை வீசிய ஆண்கள் தலையைப் படிய வாரிக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு ஏறிப் போய்விடுவார்கள். மாதம் பிறந்தால் சம்பளம். மழையா, வெயிலா என்று வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தொழிலை விட்டவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் படகை விற்கப் பார்த்தார்கள். விற்கப் பதினோரு பேர் இருந்தார்கள், வாங்க ஒருவரும் வரவில்லை.

அதில் ஒரு படகு கன்னிகாவுடையது.

கன்னிகாவுக்கு நாற்பத்திரண்டு வயது. சத்தியவேடு பக்கம் வேர்க்கடலை போடும் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி வரும்வரை நாற்றங்காலுக்கு மேல் ஆழமான தண்ணீரில் கால் வைத்ததில்லை. புருஷன் முரளிதரன்தான் மீன் பிடித்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்து அவன் தோள்பட்டை முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் வலை இழுக்கும் பலம் திரும்பவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சேலைக்கு மேல் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு படகில் ஏறிவிட்டாள். முதல் நாள் பாதி வலையை ஏரியில் விட்டுவிட்டு வந்தாள். கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆறு மாதம் கழித்து, எந்தக் காற்றுக்குக் கெண்டை எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று அவர்களே அவளிடம் வந்து கேட்டார்கள். மகள் யாமினி திருப்பதியில் நர்சிங் படிப்பது அந்தப் படகில் வந்த மீனால்தான்.

படகில் கூட வந்து ஒத்தாசை செய்துகொண்டிருந்த முரளிதரனுக்கும் ஸ்ரீசிட்டியில் ஒரு கிடங்கில் காவல் வேலை கிடைத்தது. ஒண்டியாளாகப் படகை ஓட்டவும் வலை இழுக்கவும் முடியாமல் கன்னிகாவும் படகைக் கரையேற்றினாள். விற்கிற பணத்தில் பழைய லோடு ஆட்டோ ஒன்று வாங்கவேண்டும், பழவேற்காட்டு மீனை ஏற்றிவந்து நகரி, புத்தூர் வரைக்கும் விற்கவேண்டும் என்பது அவள் கணக்கு.

சூளூர்பேட்டையிலிருந்து சடகோபன் என்ற தரகர் வந்தார். படகை விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார்.

"அடியில ரெண்டு எடத்துல விரிஞ்சிக்கினு கீதும்மா. எஞ்சினையும் சேத்து பதினெட்டாயிரம். யோசிச்சி சொல்லு."

அவர் போனதும் முரளிதரன், "குடுத்துடலாம்" என்றான். "வெயில்ல கெடந்து இன்னும் வெடிச்சிப் பூட்டா, அதுவும் வராது."

"எஞ்சின் ஒண்ணே அதுக்கு மேல போவும்யா."

"வாங்கறவன் எங்க கீறான்? கரையில போயி பாரு. பத்து பேரு உனுக்கு முன்னாடி நின்னுக்கினு கீறாங்க."

"அவுங்க நின்னுக்கினு கீறாங்க. நான் நடந்து பாக்கறேன்."

மறுநாள் பழவேற்காட்டுக்குப் போனாள். படகு செப்பனிடும் பட்டறை ஒன்றில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு, பைபர் துணியும் பசையும் வாங்கிக்கொண்டு திரும்பினாள். இரண்டு விரிசல்களையும் தானே சுரண்டி, துணி ஒட்டி, காயவைத்துத் தேய்த்தாள். முதல் ஒட்டு உரிந்து வந்துவிட்டது. இரண்டாவது பிடித்துக்கொண்டது. நீலச் சாயம் பூசி, போனில் படம் எடுத்து, பழைய பொருள் விற்கும் தளத்தில் போட்டாள்.

போன் வராமல் இல்லை. ஒருவன் தன் பழைய பைக்கைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாமா என்றான். ஒருவன் வீடியோவில் சுற்றிக் காட்டச் சொல்லி, முழுதும் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டான். இன்னொருவன், "தண்ணியில மிதக்குமா?" என்று கேட்டான்.

"மிதக்காம பறக்குமா?" என்றாள் கன்னிகா.

ஒரே ஓர் அழைப்பு நிஜமாகத் தோன்றியது. திருப்பதி பைபாஸில் புதிதாக மீன் ஓட்டல் திறக்கப்போகும் நிதின். நேரில் பேசலாம் என்றான். நல்ல சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். ஓட்டல் வாசலில் நின்றுகொண்டு அவன் கையால் அளந்து காட்டினான்.

"இக்கட, அக்கா. வாசல்லயே. உள்ள ஐஸ் கொட்டி மேல மீன் அடுக்கணும். முன்னாடி பாதி மட்டும் சாலு, போதும். பன்னெண்டாயிரம் தரேன்."

"பாதியா? மிச்சம் பாதி?"

"மீரே தீஸ்கெள்ளண்டி" என்றான் நிதின் பெருந்தன்மையாக. நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள் என்கிறான்.

பாதிப் படகோடு பிச்சாட்டூருக்குத் திரும்புவதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. தெருமுனை திரும்பிய பிறகு அழுகையும் வந்தது. பஸ் செலவு போயிற்று, ஒரு நாளும் போயிற்று. சாயம் பூசியதிலிருந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது.

யாமினியின் விடுதிக்குப் பூ வாங்கிக்கொண்டு போகலாம் என்று பூ மார்க்கெட்டுக்குள் நுழைந்தாள். அங்கே ஒரு பெண் தாமரை மொட்டுகளைக் கட்டுக்கட்டாக இறக்கிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"பதினொரு மணிக்கு எடுத்துக்கினு வந்தா யாருக்கும்மா விக்கிறது? பூஜைக்கு வாங்கறவங்க எல்லாம் வாங்கிக்கினு பூட்டாங்க. பாதி விலைதான்."

அந்தப் பெண் கட்டுகளை இறக்கிக்கொண்டே இருந்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை அவள் கையில் சிவப்புச் சிவப்பாகக் கோடுகள். கன்னிகா கிட்டே போனாள்.

"இன்னாம்மா கையில? பூனை கீறிச்சா?"

"பூனை இல்லக்கா, தாமரைத் தண்டு. அதுல பூரா முள்ளு. இன்னிக்கி ரெண்டு ஆளு வரல, நானே எறங்கிட்டேன்."

அவள் பெயர் ஜமீலா. பாலசமுத்திரம் பக்கத்தில் ஓர் ஏரியைத் தாமரைக்காகக் குத்தகை எடுத்திருந்தாள். திருப்பதிக்கும் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்கும் பூ அனுப்புகிறாள். ஆட்கள் மார்பளவுத் தண்ணீரில் நின்று பறிக்கவேண்டும். அட்டை கடிக்கும், சேற்றில் கால் புதையும். ஒரு கை நிறைந்தால் கரைக்கு வந்து வைத்துவிட்டுத் திரும்ப இறங்கவேண்டும். எட்டு மணி பஸ்ஸுக்குப் பூ ஒரு நாளும் எட்டுவதில்லை.

கன்னிகாவுக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை நாளும் மீன் பிடிக்கிறவனைத் தேடி அலைந்தோமே என்று தன் தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள்.

"ஏரி எவ்ளோ ஆழம்?"

"கழுத்து வரிக்கும் போவும். நடுவுல அதுக்கும் மேல. ஏன்க்கா?"

"என்கிட்ட ஒரு படகு கீது."

ஜமீலா சிரித்தாள். "தாமரைக்குள்ள எஞ்சின் படகு ஓடுமா? தண்டு சுத்திக்கினு நின்னுடும்."

"எஞ்சினைக் கழட்டிட்டு எடுத்தாறேன். ஓட்டிக் காட்டறேன். புடிச்சா வாங்கு. புடிக்கலன்னா டிராக்டர் செலவு என்னுது."

வீட்டில் முரளிதரன் தலையில் கை வைத்துக்கொண்டான். "போவ வர ஆறாயிரம் கேப்பான் டிராக்டர்காரன். பூ பறிக்கறதுக்கு யாராச்சும் படகு வாங்குவாங்களா?"

"வாங்கலன்னா ஆறாயிரம் நஷ்டம். வாங்கிட்டா?"

ஆனாலும் எஞ்சினைக் கழற்றும்போது அவன் நல்ல தோளைக் கொடுத்துத் தூக்கினான். லீவு போட்டுவிட்டு அவளோடு டிராக்டரிலும் ஏறிக்கொண்டான். நகரி கடைத்தெருவில் நீலப் படகு போனதைப் பார்த்து, சமுத்திரம் எந்தப் பக்கம் என்று ஆட்கள் கேட்டார்கள். படகை மறுநாளுக்காக ஏரிக்கரையில் இறக்கிவிட்டு, அன்றைக்கு ஜமீலா வீட்டிலேயே தங்கினார்கள்.

விடிகிற நேரம். ஏரி முழுக்க இலை. நடுநடுவே மொட்டுகள் கூம்பி நின்றன. பறிக்கும் ஆட்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவள் செங்கம்மா, இருபது வருஷமாகத் தாமரை பறிக்கிறவள், படகைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தாள்.

"இது போனா எலை பூரா நசுங்கிடும். மொட்டு ஒடிஞ்சிடும். வேணாம் ஜமீலாம்மா."

கன்னிகா படகைத் தள்ளி ஏறினாள். துடுப்பைப் போட்டாள். இருபது அடி போவதற்குள் துடுப்பில் தண்டுகள் சுற்றிக்கொண்டன. பிடுங்கினாள், மறுபடி சுற்றின. படகு குறுக்கே திரும்பி நின்றுவிட்டது. இரண்டு மொட்டுகள் ஒடிந்து மிதந்தன. கரையில் செங்கம்மா, "சொன்னேனா இல்லையா" என்று சொன்னது தெளிவாகக் கேட்டது.

கன்னிகாவுக்கு முகம் சூடேறியது. ஒன்பது வருஷம் படகு ஓட்டியவள். தண்ணீரைப் பார்த்தாள். மேலே இலை நெருங்கிக் கிடந்தாலும், கீழே தண்டுகளுக்கு நடுவே நிறைய இடம் இருந்தது. அகலமான துடுப்புத்தான் சிக்குகிறது.

"யோவ்! கரையில கீற அந்தப் பந்தல்ல ஒரு மூங்கில் உருவிப் போடுய்யா!"

முரளிதரன் ஜமீலாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். மூங்கிலை உருவி, தண்ணீரில் இறங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தான். கன்னிகா துடுப்பை உள்ளே போட்டுவிட்டுப் படகின் பின்பக்கம் எழுந்து நின்றாள். மூங்கிலைத் தண்டுகளுக்கு நடுவில் நேராக இறக்கி, சேற்றில் ஊன்றித் தள்ளினாள். படகு நகர்ந்தது. இலைகள் படகின் மூக்குக்கு அடியில் மடங்கி, அது தாண்டியதும் நீரைச் சிந்திக்கொண்டு மேலே எழுந்தன. ஒன்றும் நசுங்கவில்லை. இன்னொரு ஊன்றல். இன்னொன்று. ஏரியின் நடுவே, இத்தனை வருஷமாக யாரும் நடந்து எட்டமுடியாத ஆழத்தில், மொட்டுகள் கொத்துக்கொத்தாக நின்றிருந்தன.

"செங்கம்மாக்கா! வந்து ஏறு!" என்று கூப்பிட்டாள் கன்னிகா.

செங்கம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து ஏறினாள். கூடவே இரண்டு பேர். உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பறித்து உள்ளே அடுக்கினார்கள். கரைக்கும் ஏரிக்கும் நடக்கிற வேலையே இல்லை. ஏழேகாலுக்குப் படகு திரும்பியபோது, படகின் உள்பக்கம் தெரியாத அளவுக்கு மொட்டு. ஆயிரத்து நானூறு. வழக்கமாக ஒன்பது மணிவரை மல்லுக்கட்டினாலும் எண்ணூறைத் தாண்டாது. செங்கம்மாவின் புடவை முழங்காலுக்கு மேல் நனையவே இல்லை.

எட்டு மணி பஸ்ஸில் பூவை ஏற்றிவிட்டு வந்து ஜமீலா பேரத்தை ஆரம்பித்தாள்.

"முப்பதாயிரம் தரேன்க்கா."

"நாப்பது."

"பழைய படகுக்கா. முப்பத்திரண்டு. அதுக்கு மேல என்னால ஆவாது."

கன்னிகா மெதுவாக எழுந்து, "டிராக்டரைக் கூப்புடுய்யா" என்றாள் புருஷனிடம். முரளிதரன் போனை எடுத்தே விட்டான்.

அப்போது செங்கம்மாதான் நடுவில் வந்து நின்றாள். "ஜமீலாம்மா, இதை அனுப்பிட்டீன்னா நாளைக்கு நான் தண்ணியில எறங்கமாட்டேன். சொல்லிட்டேன்."

ஜமீலா செங்கம்மாவைப் பார்த்தாள், படகைப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். முப்பத்தெட்டாயிரம், டிராக்டர் வாடகை தனியாக ஜமீலாவே தருவது என்று முடிந்தது. கன்னிகா இரண்டு நாள் இருந்து செங்கம்மாவுக்கு மூங்கில் ஊன்றக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

எஞ்சினைத் தனியாகப் பழவேற்காட்டில் இருபத்தாறாயிரத்துக்குக் கொடுத்தாள். லோடு ஆட்டோ வந்தது. ஆனால் அவள் நினைத்த மீன் வியாபாரம் நடக்கவில்லை. அவள் படகு விற்ற செய்தி பரவியதும் மற்ற பத்து பேரும் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "எங்களுதையும் பாரு கன்னிகா" என்றார்கள். அவள் பார்த்தாள். பைபர் துணியும் பசையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, படகு எங்கே கிடக்கிறதோ அங்கே போய் ஒட்டுப்போட்டாள். வாங்குகிறவர்களை ஏரி ஏரியாகத் தேடிப் போனாள். ஆறு படகுகள் தாமரைக் குத்தகைக்காரர்களுக்கு. இரண்டு மீன் வளர்க்கும் குட்டைகளுக்கு. ஒன்று ஆகாயத்தாமரை அள்ளும் ஒப்பந்தக்காரருக்கு. ஒட்டவே முடியாமல் போன ஒன்றை நிதினுக்கு விற்றாள். பாதியாக இல்லை, முழுசாக. ஞாயிற்றுக்கிழமைகளில் முரளிதரன் ஒட்டுப்போட்ட இடத்தைத் தேய்த்துக்கொடுப்பான். ஒரு நாள் சடகோபன் போன் செய்து, பழவேற்காட்டில் நாலு படகு தேங்கிக் கிடக்கிறது, வழி இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டார். அவளை 'நீங்க' என்று கூப்பிட்டார்.

இந்த வருஷம் விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள் ஜமீலா கன்னிகாவை வரச்சொல்லியிருந்தாள். காணிப்பாக்கத்தில் பூவுக்கு அடிதடி நடக்கிற நாள் அது. ஜமீலா இரண்டாவது படகும் வாங்கியிருந்தாள், ஓட்டத்தான் ஆள் போதவில்லை. கன்னிகா சேலைக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு ஒன்றில் ஏறினாள். மற்றதில் செங்கம்மா, ஐம்பத்தெட்டு வயதில், மூங்கிலை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். பூவை நிரப்பிக்கொண்டு திரும்பும்போது முதலில் யாரும் போட்டி என்று சொல்லவில்லை. பாதி ஏரி தாண்டியதும் இரண்டு பேருக்கும் அது போட்டியாகிவிட்டது. கரையில் நின்றவர்கள் விசில் அடித்தார்கள். செங்கம்மா ஒரு படகு நீளம் முந்திக் கரை சேர்ந்து, மூங்கிலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

இரண்டு படகும் நிறைந்திருந்தன. சூரியன் இன்னும் மலைக்கு மேல் வரவில்லை. ஜமீலாவின் போன் அடித்தது, பூக்கடைக்காரர். அவள் படகின் விளிம்பில் ஒரு காலை வைத்துக்கொண்டு பேசினாள்.

"எவ்ளோ கீதுன்னு கேக்காதீங்கண்ணா. எவ்ளோ எடுத்துக்குவீங்கன்னு சொல்லுங்க."

கன்னிகா மூச்சு வாங்கிக்கொண்டே, நனைந்த சட்டையைப் பிழிந்தபடி சிரித்தாள்.