வசந்தா வீட்டுக்கு இரண்டு முற்றம்

நெல் அவியும் வாசனையும் வௌவால் எச்சத்தின் நாற்றமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறும்; குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சத்திரத்துக்குள் காலை வைத்தால் அதுதான் முதலில் வரவேற்கும். அந்த நாற்றத்தின்மீதுகூட எனக்குப் பொறாமை இருந்தது என்றால் மற்றதைக் கேட்கவே வேண்டாம். அது என் வகுப்புத் தோழி வசந்தாவின் வீடு. அவள் அப்பா சத்திரத்துக் காவல்காரர். வாசலறையில் மட்டும் தங்கிக்கொள்ள அனுமதி; அவர்களோ நாளாவட்டத்தில் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டிருந்தார்கள்.

எங்களுடையது சிமெண்டு போட்ட மெத்தை வீடு. அப்பா பள்ளித் தலைமையாசிரியர் என்பதால் ஊரில் எங்களுக்கு மரியாதை உண்டு. மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? வசந்தாவுக்கு இரண்டு முற்றம் இருந்ததே! ராமேசுவரம் போகும் யாத்திரிகர்கள் தங்கிப்போக மராட்டிய ராணி ஒருத்தி கட்டிய சத்திரம் என்பார்கள். முன்பக்க அடித்தளத்தையே தேராகச் செதுக்கி, இரு பக்கமும் கல் சக்கரம் வைத்து, இழுக்க இரண்டு கல் குதிரைகளையும் நிறுத்தியிருந்தார்கள். முதல் முற்றம் வந்தவர்கள் படுக்க, இரண்டாவது அவர்களுக்குச் சமைக்க. அங்கே அரிசி களையும் கல்தொட்டி ஒன்றில் நாங்கள் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். மெல்லிய செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள் அத்தனை கனம். அவற்றில் ஒன்றுக்குள்ளேயே ஒளிந்திருந்த படிக்கட்டில் ஏறினால் தேக்குத் தூண்கள் நிற்கும் "மச்சு". அதன் ஜன்னல்கள் தரையோடு ஒட்டியிருக்கும். பாயில் படுத்தபடியே ஆற்றையும் அதற்கப்பால் நடவு வயலையும் பார்க்கலாம். வசந்தா தினமும் பார்த்தாள், பார்த்ததைப் பள்ளிக்கூடத்தில் வந்து சொல்லவும் சொன்னாள்.

"குதிரை மேல நான்தான் ஏறுவேன். நீ வேணும்னா சக்கரத்துல உக்காந்துக்க" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆடி பிறந்தால் அவள் அப்பா கூரையில் ஏறி, உடைந்ததை எடுத்துவிட்டு நல்ல ஓடாகச் செருகுவார். "ஓடு மாத்தறது" என்று அதற்குப் பேர். பிறகு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்றுகளை வேரோடு பிடுங்குவார். கயிற்றின் மறுநுனியை வசந்தாவும் அவள் அம்மாவும் பிடித்திருப்பார்கள். "ஒரு வருஷம் சும்மா விட்டாப் போதும்மா, செவுரே போயிடும்" என்று மேலிருந்து என்னிடம் சொல்வார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கயிற்றைப் பிடிக்க என்னை விடவில்லையே என்பதுதான் என் குறை.

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடையில், வசந்தா வீட்டார் ஒரு கல்யாணத்துக்குக் கீழ்வேளூர் போயிருந்த நாளில், ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். யாரும் இல்லாத தைரியத்தில் நான் குதிரைமேல் உட்கார்ந்திருந்தேன்.

"காவல்காரங்க வாசலறையிலதானேம்மா இருக்காங்க?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார், மச்சுல படுத்துக்கறாங்க. முத்தத்துல நெல்லு அவிக்கிறாங்க, தூண்ல ஆடு கட்டுறாங்க."

அதுவரை சொன்னதெல்லாம் உண்மை. அவர் தலையாட்டிவிட்டு நகரப் பார்த்தார். அவ்வளவுதானா என்று ஆகிவிட்டது எனக்கு. "ஜன்னல் கட்டையப் பேத்து அடுப்பெரிக்கிறாங்க சார்" என்றேன். அவர் நின்றார். மச்சு ஜன்னல் இரண்டு கரையான் அரித்து எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. நிமிர்ந்து அதைப் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

சத்திரம் காலியானால் தலைமையாசிரியர் வீட்டுக்குத்தான் கொடுப்பார்கள் என்று நான் நம்பியிருந்தேன். பத்து வயதுப் புத்தி. ஆனி முடிவதற்குள் அவர்கள் சாமான்களை டிராக்டரில் ஏற்றி, ஊர்க்கோடியில் ஒரு கூரை வீட்டுக்குப் போனார்கள். அவள் அம்மா தெருவென்றும் பாராமல் அழுதாள். "என் கையால ஒரு குச்சி ஒடிச்சதில்லீங்களே" என்று அவள் அப்பா எங்கள் வீட்டு வாசலில் நின்று என் அப்பாவிடம் சொன்னபோது நான் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. சத்திரத்தை இழுத்துப் பூட்டினார்கள். எங்களுக்கும் கிடைக்கவில்லை, வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. ஆடி வந்தது, ஏற ஆளில்லை. நான் கல்லூரி முடிப்பதற்குள் மச்சு மொத்தமும் சரிந்து முற்றத்தில் விழுந்துவிட்டது. இன்று அங்கே கருவேலம் புதர்தான் இருக்கிறது.

போன மாதம் தாராசுரத்தில் ஒரு கல்யாணத்தில் வசந்தாவும் நானும் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. இப்போது திருவாரூரில் நர்ஸாக இருக்கிறாள். முப்பது வருடம் தொண்டையில் கிடந்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டேன். "அந்த அதிகாரிகிட்ட இல்லாததச் சொன்னது நான்தான் வசந்தா."

அவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "தெரியும்டி" என்றாள். "சத்திரத்துக்கு எதுத்தாப்ல இருந்த டீக்கடைக்காரர் பொண்ணு, ஜீப்பப் பாக்க வந்தது, நின்னு கேட்டுட்டு வந்து எங்கிட்ட சொல்லிடுச்சு. அப்பாகிட்ட நான் மூச்சு விடல. சொன்னா உங்கூடப் பேசக் கூடாதும்பாரு. வீடுதான் போச்சு, நீயாவது இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

அதற்கப்புறமும் ஏழு வருடம் ஒரே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள் அவள். ஒரு நாள், ஒரு வார்த்தை கேட்டதில்லை. பத்து வயதில் அவளுக்கு எங்கிருந்து வந்தது அந்த மனசு? அழுதிருக்க வேண்டும் நான். இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை, அவள்மேல் பொறாமைதான் வந்தது.